இருபத்தெட்டு நிமிடம்

அவசரப் பிரிவின் கண்ணாடிக் கதவில் அறிவிப்பை ஒட்டியவன் கோணலாக ஒட்டிவிட்டுப் போயிருந்தான். ஒரு மூலை பசை பிடிக்காமல் காற்றில் ஆடியது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தலையைச் சாய்த்துக்கொண்டு படித்தான்.

மறுசீரமைப்பின் ஒரு பகுதியாக இம்மருத்துவமனையின் அவசரப் பிரிவு மூன்று மாதங்களில் மூடப்படும். பொதுமக்களுக்கான சேவையில் எந்தக் குறைவும் இராது. பெரிய மருத்துவமனையை இங்கிருந்து இருபத்தெட்டு நிமிடங்களில் அடையலாம் என்பது நேரடிச் சோதனையில் உறுதி செய்யப்பட்டுள்ளது.

மூடுவார்களாம், குறைவும் இராதாம். வயிற்றில் குத்திவிட்டு, வலிக்காது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். ஆனால் இதெல்லாம் அவனுக்கு இரண்டாம் முறை படித்தபோதுதான் உறைத்தது. முதல் முறை கண் நேராக அந்த எண்ணில் போய் நின்றுவிட்டது. சிரிப்புகூட வந்தது. தன் பெயரை அச்சில் பார்த்தவனுக்கு வரும் சிரிப்பு.

அது அவன் பெயர்தான். நான்கு மாதங்களாக ஊரில் பாதிப்பேர் அவனை ‘இருபத்தெட்டு’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

பெயர் வந்த விதம் இப்படி. ஒரு விடுமுறை நாள் காலை ஆறரை மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து இறங்கினார். கழுத்தில் கயிறு கட்டிய ஸ்டாப்வாட்ச். ஓட்டப் பந்தயம் நடத்த வந்தவர் மாதிரி இருந்தார்.

“இங்கேர்ந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?”

“ஓட்டறவனைப் பொறுத்தது சார்” என்றான் அவன்.

அவசரப் பிரிவுக்கு அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதிப் பூட்டு விழுந்துவிட்டது. மீதிப் பாதியை இன்னொரு ஓட்டுநர் பூட்டினான். அவனைவிட ஐந்து வயது இளையவன், அவனைவிட வேகமானவன் என்று தானே சொல்லிக்கொண்டு திரிபவன். குதிரை என்று பெயர். “நான்னா முப்பத்தஞ்சுல போயிடுவேன் சார்” என்றது குதிரை. அப்புறம் இவனுக்குக் கை சும்மா இருக்குமா?

முதலில் ரயில்வே கேட்காரருக்குப் போன் போட்டான். ஏழு மணிவரை ரயில் இல்லை என்றார். சீட்டுக்கு அடியில் கையை விட்டு, எண்பதுக்கு மேல் வண்டியை விடாத கருவியின் ஒயரை உருவினான். பின்னால் போய் ஆக்சிஜன் சிலிண்டரைக் கட்டவிழ்த்துக் கீழே இறக்கினான். சும்மா எதற்குப் பாரம்?

முப்பத்தெட்டு கிலோமீட்டர். ரோட்டில் நாய்கூடக் குறுக்கே வரவில்லை. அதிகாரி மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு வந்தார். பெரிய மருத்துவமனையின் வெளிவாசலை வண்டியின் மூக்கு தொட்டதும் ஸ்டாப்வாட்சை அழுத்தினார். இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தாளில் எழுதினார். இருபத்தெட்டு.

அன்று கேன்டீனில் அவன் டீ குடித்ததைப் பார்த்திருக்க வேண்டும். கிளாஸைத் தூக்கிய விதத்தைப் பார்த்தால் வெற்றிக் கோப்பை என்றே நினைத்திருப்பீர்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். ஆறு கட்டில். சக்கரம் ஒன்று தேய்ந்துபோய்ப் பிளாஸ்திரி சுற்றிய டிராலி. சுவரில் ஒரு பெரிய கடிகாரம், அதன் கண்ணாடி இல்லாமல். அக்கா மூன்றாவது கட்டிலருகே நின்றிருந்தாள். அவனுடைய சொந்த அக்கா. எட்டு வயது மூத்தவள். அந்தப் பிரிவின் தலைமைச் செவிலியாகப் பதினோரு வருடம். கட்டிலில் உட்கார்ந்திருந்தது குதிரையின் அம்மா. ஆஸ்துமாக்காரர். மாதம் இரண்டு தடவையாவது மூச்சு முட்டி வருவார். அவர் முகத்தில் மருந்துப் புகை வரும் மாஸ்க் இருந்தது.

அக்கா திரும்பிப் பார்க்காமலேயே கேட்டாள்.

“படிச்சியா?”

“படிச்சேன்.”

“பேரு சரியா போட்டிருக்காங்களா?”

அவன் டிராலியின் பிளாஸ்திரியைப் பார்த்தான்.

“வாயைத் திறயேன். கேன்டீன்ல நாலு மாசமா மூடலையே.”

“அக்கா, எனக்கு என்ன தெரியும்? வண்டி நல்லா ஓடுதான்னு பாக்க வந்திருக்காங்கன்னு நெனச்சேன்.”

“தலைமை ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் லீவு நாளுல விடியக்காலையில கழுத்துல கடிகாரத்தை மாட்டிக்கிட்டு வர்றாரு. உனக்கு மெடல் குடுக்கவா வர்றாரு?”

குதிரையின் அம்மா மாஸ்க்குக்குள் ஏதோ சொல்ல முயன்றார்.

“நீங்க மூச்சு விடுங்கம்மா. இவனைத் திட்டறதை நான் பாத்துக்கறேன்.”

அவர் மூச்சு விட்டார். உதடுகளில் நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. அக்கா விரலை நீட்டிச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள்.

“வந்து ஒம்பது நிமிஷம் ஆச்சு. வரும்போது உதடு நீலம். பேர் கேட்டா சொல்லத் தெரியல. இவங்களை வச்சுக்கிட்டு இருபத்தெட்டு நிமிஷம் ஓட்டுவியா?”

“ஆள் இருந்தா அவ்வளவு வேகம் போக முடியாதுக்கா. தூக்கித் தூக்கிப் போடும்.”

“அடடா. இது உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அந்த ஆபீசருக்குத் தெரியுமா?”

“அவரு கேக்கல.”

அக்கா மாஸ்க்கின் பட்டையைச் சரிசெய்தாள். கோபத்தில் இருக்கும்போதுதான் அவள் கை ரொம்ப மென்மையாக வேலை செய்யும். அது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதனாலேயே பயமாக இருந்தது.

“சரி. நோயாளியை ஏத்திக்கிட்டுப் போன டிரிப் ஷீட் இருக்குல்ல? மூணு வருஷத்தோடதை எடு. நிஜமா எவ்வளவு ஆகுதுன்னு அதுல இருக்கும். புதன்கிழமை விசாரணைக் குழு வருது. தூக்கி முன்னால போடறேன்.”

அவன் பிடரியைச் சொறிந்தான்.

“என்ன?”

“அதுல முப்பத்தெட்டுன்னு இருக்கும்க்கா.”

“எதுல?”

“எல்லாத்துலயும்.”

அக்கா இப்போதுதான் முழுசாகத் திரும்பினாள்.

“நாப்பதுக்கு மேல போனா விளக்கக் கடிதம் எழுதணும். ரெண்டு பக்கம். கேட் மூடியிருந்துதுன்னு எழுதினா, மூடும்னு ஏன் முன்கூட்டியே யோசிக்கலைன்னு பதில் வரும். அதுக்கு ஒரு கடிதம். யாரு மாரடிக்கிறது? அதான் முப்பத்தெட்டு. நடுவுல முப்பத்தாறு, முப்பத்தொம்பதுன்னும் போடுவோம். ஒரே மாதிரி இருந்தா சந்தேகம் வரும்ல.”

“ஆறு டிரைவரும்?”

“ஆறு பேரும்.”

அக்கா ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை.

“இந்த ஆஸ்பத்திரிய மூடறதுக்கு வெளியிலேர்ந்து ஆள் எதுக்குடா வரணும்? பாவம், வீண் அலைச்சல். நீங்க ஆறு பேரே போதுமே.”

குதிரையின் அம்மாவுக்குச் சிரிப்பு வந்து இருமலில் முடிந்தது.

“புதன்கிழமை நீ எழுந்து சொல்லணும்” என்றாள் அக்கா. “ஒயரை உருவினது, சிலிண்டரை இறக்கினது, டிரிப் ஷீட்டு, எல்லாம்.”

“வேலை போயிடும்க்கா.”

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சரி, வேணாம். போறப்ப கதவுல அந்தத் தாளை நேரா ஒட்டிட்டுப் போ. பாக்க அசிங்கமா இருக்கு.”

அவன் வெளியே வந்தான். உண்மையிலேயே அந்த மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். கையை எடுத்ததும் மறுபடி ஆடியது.

*

விசாரணை நகர மன்றக் கூடத்தில் நடந்தது. மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம் என்று வாசலில் எழுதியிருந்தது. கருத்தைச் சொல்ல ஆளுக்கு இரண்டு நிமிடம். இரண்டு நிமிடம் முடிந்தால் அடிக்க ஒரு மணி. குழுவுக்கு அப்படி எந்த மணியும் இல்லை. முக்கால் மணி நேரம் திரையில் படம் காட்டினார்கள்.

குழுத் தலைவி இனிமையாகச் சிரிக்கும் பெண்மணி. மூடுவது என்ற சொல்லை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இணைப்பது என்றார், நெறிப்படுத்துவது என்றார், மையப்படுத்துவது என்றார். கேட்டுக்கொண்டிருந்தால், ஊருக்கு இன்னொரு மருத்துவமனை கட்டித் தரப்போகிறார்களோ என்று தோன்றும். திரையில் ஒரு நோயாளி சிரித்தார். அப்படிச் சிரிக்கும் நோயாளி எந்த ஊர் மருத்துவமனையிலும் இல்லை.

பிறகு ஸ்டாப்வாட்ச் அதிகாரி எழுந்தார். வரைபடத்தில் பெரிய மருத்துவமனையைச் சுற்றி ஒரு வட்டம். ஊர் அந்த வட்டத்துக்குள் இருந்தது. ரயில் பாதை வட்டத்தில் இல்லை. சந்தைத் தெரு இல்லை. ஆற்றுப் பாலத்தின் ஏழு வேகத்தடைகள் இல்லை. காம்பஸ் முனைக்கு எங்கே தெரியும் வேகத்தடை?

“புள்ளிவிவரம் உணர்ச்சிவசப்படாது” என்றார் அதிகாரி.

“அதுக்கு நெஞ்சுவலியும் வராது” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

அதிகாரி ஒரு கட்டுத் தாளைத் தூக்கிக் காட்டினார். டிரிப் ஷீட்கள். “மூன்று வருட சராசரி, நோயாளியோடு முப்பத்தெட்டு நிமிடம். நல்ல ஓட்டுநர் இருந்தால் இருபத்தெட்டு. அந்த நல்ல ஓட்டுநர் இந்தக் கூடத்திலேயே இருக்கிறார்.”

கூடம் மொத்தமும் திரும்பி அவனைப் பார்த்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த குதிரை முழங்கையால் இடித்தது.

“அண்ணே, உன்னைத்தான் சொல்றாரு. நெஞ்சை நிமித்தி உக்காரு.”

அவனால் உட்கார முடியவில்லை. எழுந்தான். மைக்குக்குப் போகும் வழியில் எத்தனை நாற்காலிக் காலில் இடித்துக்கொண்டான் என்று தெரியவில்லை. மைக் உயரமாக இருந்தது. அதை இறக்கவும் தெரியவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு பேசினான்.

“இருபத்தெட்டு நான்தான். அன்னிக்கு லீவு நாளு. ஆறே முக்காலுக்குக் கிளம்பினோம். ரோட்டுல ஆள் இல்ல. கேட்காரரைக் கேட்டுட்டு, ரயில் இல்லாத நேரமா பாத்துப் போனேன். வேகக் கருவியோட ஒயரை உருவிட்டேன். வண்டியில நோயாளி இல்ல. நர்ஸ் இல்ல. ஆக்சிஜன் சிலிண்டரையும் இறக்கி வச்சுட்டேன்.”

“சிலிண்டரை எதுக்கு?” என்றார் தலைவி. சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, எடுக்க மறந்த மாதிரி.

“பாரம் மேடம்.”

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“டிரிப் ஷீட்டும் பொய். விளக்கக் கடிதத்துக்குப் பயந்து நாங்களா போட்ட நேரம்.” பின்னால் குதிரை தலையில் கைவைத்துக்கொண்டது அவனுக்குத் தெரியாது.

மணி அடித்தது.

அதிகாரி விடவில்லை. “அன்னிக்கே ஏன் சொல்லல?”

“நீங்க நேரம் கேட்டீங்க சார். நான் நேரம் குடுத்தேன்.”

“அப்போ மூணு வருஷமா பொய் எழுதியிருக்கீங்க.”

“ஆமா சார்.”

“பொய் எழுதினவர் இப்ப சொல்றதை மட்டும் நாங்க எப்படி நம்பறது?”

நியாயமான கேள்வி. அவன் இடத்தில் யார் இருந்தாலும் மாட்டிக்கொள்வார்கள். முன்வரிசையிலிருந்து அக்கா எழுந்தாள். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். மைக் பக்கமே போகவில்லை. வார்டில் கத்திப் பழகிய குரல்.

“நம்ப வேணாம் சார். வந்து படுங்க.”

“என்ன?”

“வண்டி வாசல்ல நிக்குது. இன்னிக்கு வேலை நாளு. மணி பன்னெண்டு. வட்டமெல்லாம் நல்லா போட்டிருக்கீங்க. அதுக்குள்ள ஒரு தடவை படுத்துக்கிட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துடுங்க.”

“இதுக்கெல்லாம் ஒரு நடைமுறை…” என்று அதிகாரி தொடங்கினார். கூடம் இப்போது சிரித்தது. தலைவி கடிகாரத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கூட்டம் கதவுக்கு முன்னால் இருந்தது.

“அளந்தது நீங்கதானே” என்றார் அதிகாரியிடம், அதே இனிமையோடு. “ஒரு தடவை போயிட்டு வந்துடுங்களேன். நான் என் கார்ல பின்னாலயே வரேன்.”

*

அதிகாரி முன்சீட்டுக் கதவைத் திறந்தார். அக்கா அதைச் சாத்தினாள்.

“நோயாளி முன்னால உக்கார மாட்டாங்க சார்.”

பின்னால் ஏற்றினார்கள். ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, மார்பில் ஒன்று, இடுப்பில் ஒன்று, காலில் ஒன்று என்று மூன்று பட்டை போட்டாள் அக்கா. ஸ்டாப்வாட்ச் அவர் வயிற்றின் மேல் கிடந்தது. சிலிண்டர் அதன் இடத்தில் இருக்கிறதா என்று ஒரு தடவை தட்டிப் பார்த்தாள். பிறகு நடு ஜன்னல் வழியாகத் தம்பியைக் கூப்பிட்டாள்.

“வேணும்னே மெதுவா ஓட்டி என்னை அசிங்கப்படுத்தாதே. வேகமா ஓட்டியும் படுத்தாதே. இடுப்பு உடைஞ்ச ஆளு படுத்திருக்காருன்னு நெனச்சுக்க.”

“சரிக்கா.”

“ஒயர் மாட்டியிருக்கா?”

“மாட்டியிருக்கு.”

ஊரில் ஆம்புலன்ஸ் தேவைப்பட்டால் குதிரை தயாராக இருந்தது. சைரனைப் போட்டுக்கொண்டு இவன் கிளம்பினான்.

சந்தைத் தெருவில் ஒரு லாரி சிமெண்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. சைரன் கேட்டதும் லாரிக்காரன் ஓடி வந்தான். சாவி இறக்குகிறவனிடம் இருந்தது. இறக்குகிறவன் கடைக்குள் இருந்தான். நான்கு நிமிடம். பாலத்தில் ஏழு வேகத்தடை. ஒவ்வொன்றிலும் வண்டியைக் குழந்தையை இறக்கி வைப்பதுபோல இறக்கி வைத்தான். அப்படியும் பின்னாலிருந்து ஏழு தடவை முனகல் வந்தது.

பாலம் தாண்டினால் நேர்ச்சாலை. அவன் காலுக்கு அந்தச் சாலை தெரியும். நூற்றிருபதில் போன சாலை. கால் பெருவிரல் தானாக அழுத்தப் பார்த்தது. அவன் அறுபத்தைந்தில் பிடித்து வைத்தான். தோளில் ஏணியை மாட்டிக்கொண்டு பைக்கில் போன ஒருவன் அவனை முந்திப் போனான். போனவன் சும்மா போகவில்லை. திரும்பி வேறு பார்த்துவிட்டுப் போனான். பதினெட்டு வருட சர்வீஸில் ஏணி அவனை முந்தியது அதுதான் முதல் தடவை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்காரர் தன் அறை ஜன்னலில் இருந்து அவனைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் விரித்தார். சரக்கு ரயில். ஒவ்வொரு பெட்டியாகக் கடந்தது.

பின்னால் அக்கா சத்தமாகச் சொன்னாள்.

“இருபத்திரண்டாவது நிமிஷம். நம்ம ஆளுக்கு மூச்சு நின்னுடுச்சு.”

“எனக்கு ஒண்ணும் இல்லையே” என்றார் அதிகாரி.

“உங்களுக்கு ஒண்ணும் இல்ல சார். அதனாலதான் பேசறீங்க. நாங்க கூட்டிட்டுப் போறவங்க இந்நேரம் பேச மாட்டாங்க.”

பெட்டிகள் கடந்துகொண்டே இருந்தன.

“நான் இப்ப உங்க நெஞ்சை அமுக்கணும்” என்று அக்கா தொடர்ந்தாள், வகுப்பெடுப்பது போல. “நடுவுல மூச்சுப் பையையும் அமுக்கணும். கை ரெண்டுதான். தம்பி வந்து அமுக்கினா வண்டியை யாரு ஓட்டறது? வார்டுல இருந்தா நாங்க நாலு பேர். உங்க வட்டத்துல எத்தனை பேர் போட்டிருக்கீங்க?”

“சிஸ்டர், எனக்கு வாந்தி வருது.”

பாத்திரம் கைமாறும் சத்தம் கேட்டது.

“இதையும் நேரத்தோட சேத்துக்கங்க” என்றாள் அக்கா.

கேட் திறந்தது. கண்ணாடியில் பார்த்தபோது தலைவியின் காரைக் காணவில்லை. பாலத்துக்கு முன்பே ஓர் ஓட்டலின் பக்கம் திரும்பிவிட்டது என்று பிறகு தெரிந்தது. சாப்பாட்டு நேரம்.

பெரிய மருத்துவமனை வாசலை வண்டி தொட்டபோது ஐம்பத்து நான்கு நிமிடம். அதிகாரியின் கட்டைவிரல் ஸ்டாப்வாட்சின் பொத்தானுக்குப் போனது. அக்கா அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்தாள்.

“இன்னும் வந்து சேரல.”

“வாசல் வந்தாச்சே.”

“வாசல் வைத்தியம் பாக்காது சார். டாக்டர் கை மேல பட்ட பிறகுதான் வந்து சேந்த மாதிரி.”

அவசரப் பிரிவின் முன்னால் ஐந்து ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. அக்கா இறங்கிப் போய் வாசல் செவிலியிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். யாருடைய இடத்தையும் எடுக்கவில்லை. முன்னால் நிற்கும் வண்டியின் நோயாளி எப்போது உள்ளே போகிறாரோ அதுவரை அதிகாரி படுத்திருக்கட்டும் என்றாள்.

முன்வண்டியின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெரியவர், தலையில் கட்டு. கட்டுத் துணியில் ரத்தம் ஊறி வட்டமாகப் பெரிதாகிக்கொண்டிருந்தது. மருமகள் சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். வலது கை வலித்தால் இடது கை. இடது கை வலித்தால் வலது கை. அதிகாரி தலையைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டுநர் இறங்கி, முன்வண்டி ஓட்டுநரிடம் போனான்.

“தினம் இப்படித்தானா?”

“இன்னிக்குப் பரவாயில்ல. உங்க ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி இருந்துதே, போன வருஷம் மூடினாங்களே, அதுலேர்ந்து இப்படித்தான். உங்களுதையும் மூடப்போறாங்களாமே? வாங்க வாங்க. கடைசியில நில்லுங்க.”

பெரியவர் உள்ளே போக நாற்பத்தொரு நிமிடம் ஆயிற்று. மருமகளின் கை மடங்கவில்லை. பாட்டிலை வேறொருவர் வாங்கிக்கொண்ட பிறகும் கை மேலேயே நின்றது.

அக்கா பட்டைகளை அவிழ்த்தாள். அதிகாரி எழுந்து உட்கார்ந்து, ஸ்டாப்வாட்சை அழுத்தினார். தொண்ணூற்றைந்து. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். சட்டையில் வாந்தி காய்ந்திருந்தது.

“நான் எழுதிக் குடுக்கறேன்” என்றார்.

அவர் எழுதித்தான் கொடுத்தாராம். அதன்பிறகு அவர் கழுத்தில் யாரும் கடிகாரத்தை மாட்டவில்லை என்றும் கேள்வி.

*

மூன்று வாரம் கழித்து ஒரே நாளில் இரண்டு கடிதம் வந்தது.

முதல் கடிதம் மருத்துவமனைக்கு. புதன்கிழமைப் பயணத்தை ஏற்க இயலாது. காரணம் ஒன்று, பயணம் முழுவதும் நோயாளி ஒருவர் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்டது. காரணம் இரண்டு, உடன் சென்ற செவிலியர் தொடர்ந்து பேசிக்கொண்டே வந்தார். எனவே அடுத்த மாதத்தின் முதல் விடுமுறை நாள் காலை ஆறரை மணிக்குத் தகுதியான ஓட்டுநரைக் கொண்டு மறுசோதனை நடத்தப்படும். அதுவரை மூடுதல் ஒத்திவைக்கப்படுகிறது. கூட்டத்தில் வாயில் வராத மூடுதல் என்ற சொல்லை இப்போது எழுதியிருந்தார்கள், ஒத்திவைக்கும்போது.

இரண்டாவது அவனுக்கு. பொதுமேடையில் தானே ஒப்புக்கொண்டபடி வேகக் கருவியைச் சேதப்படுத்தியதற்காகவும், பதிவுகளில் பொய் எழுதியதற்காகவும் தற்காலிகப் பணிநீக்கம். வண்டிச் சாவியைக் குதிரையிடம் ஒப்படைக்கவும். மற்ற ஐந்து பேரின் டிரிப் ஷீட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லையே.

அக்கா இரண்டையும் படித்தாள்.

“நான் தொடர்ந்து பேசினேனாம்” என்றாள். “இதுவரைக்கும் என்னைப் பத்தி ஆபீஸ் எழுதினதுலயே இது ஒண்ணுதான் உண்மை.”

அவன் கேன்டீனுக்குப் போனான். குதிரை அங்கே இருந்தது. சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தது. எதிரில் டீ. கிளாஸைத் தூக்கிய விதம் அவனுக்குப் பழக்கமான விதம்.

“வா அண்ணே, உக்காரு. கோவம் இல்லையே? குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன்.”

“கோவம் எதுக்கு?”

“நீ அன்னிக்கு எல்லாத்தையும் கொட்டியிருக்க வேணாம். சரி விடு. கேட்காரர் நம்பர் உன்கிட்ட இருக்குல்ல? குடு.”

“எதுக்கு?”

“மறுசோதனைக்கு என்னைத்தான் போட்டிருக்காங்க.” குதிரை குரலைத் தாழ்த்தியது. “இருபத்தாறு. பாத்துக்கிட்டே இரு. ஊரே என்னை இருபத்தாறுன்னு கூப்பிடும்.”

அவன் குதிரையைப் பார்த்தான். ஐந்து மாதத்துக்கு முந்தைய தன் மூஞ்சியைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது. அறையலாம் போலவும் இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

“மூடிடுவாங்கடா.”

“இருபத்தாறுல போற டிரைவர் இருக்கறப்ப மூடினா என்ன அண்ணே? நான் கொண்டு போய்ச் சேத்துட மாட்டேனா?”

அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். டிஷ்யூ தாள் ஒன்றில் கேட்காரரின் நம்பரை எழுதி, மடித்து, கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தான்.

“ஒயரு சீட்டுக்கு அடியில வலது பக்கம் இருக்கு. சிவப்பு. இழுத்தா வந்துடும். சிலிண்டரையும் இறக்கிடு, பாரம் கொறையும்.”

“அட, தேங்க்ஸ் அண்ணே.”

“இரு. முழுசா கேளு. எல்லாம் செஞ்சுட்டு, பின்னால உங்க அம்மாவைப் படுக்க வச்சுக்கிட்டுப் போ.”

சாவி சுழல்வது நின்றது.

“எங்கம்மா எதுக்கு?”

“அடுத்த தடவை மூச்சு முட்டறப்ப அவங்களை வேற யாரு கொண்டு போவாங்க? நீதானே இருபத்தாறு. இப்பவே பழகிக்கட்டும்.”

டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. அவன் எழுந்து வந்துவிட்டான்.

*

மறுசோதனை நாளன்று அவன் அவசரப் பிரிவு வாசலில் நின்றான். உள்ளே போக அவனுக்கு வேலை இல்லை, வீட்டுக்குப் போக மனமில்லை. ஆறரைக்குப் புது அதிகாரி வந்தார். புது ஸ்டாப்வாட்ச். குதிரை ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு வந்திருந்தது. அவனைப் பார்க்கவே இல்லை. சீட்டில் ஏறி உட்கார்ந்தது. சீட்டுக்கு அடியில் கை போகிறதா என்று அவன் பார்த்தான். இங்கிருந்து தெரியவில்லை.

அப்புறம் குதிரை இறங்கிப் பின்கதவைத் திறந்தது. தெருவோரம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. குதிரையின் அம்மா ஒரு துணிப்பையோடு இறங்கினார்.

“இவங்க யாரு?” என்றார் புது அதிகாரி.

“நோயாளி சார். இல்லாம வண்டியை எடுக்கறதில்ல.”

“கற்பனை நோயாளியெல்லாம் கூடாதுன்னு கடிதத்திலயே…”

“கற்பனையா?” என்றார் அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே. “இன்ஹேலரைக் காட்டவா?”

வண்டி போனது. சிலிண்டர் உள்ளே இருந்ததை அவன் பார்த்தான்.

ஏழு முப்பத்தைந்துக்கு அவன் போன் அடித்தது.

“அண்ணே. ஐம்பத்திரண்டு.”

“கேட்?”

“மூடியிருந்துது. நான் போன் பண்ணல.” குரல் தாழ்ந்தது. “ஒரு சைக்கிள்காரன் என்னை முந்திட்டான் அண்ணே. பாலத்துல. வெளிய சொல்லாதே.”

“இந்த அதிகாரி வாந்தி எடுத்தாரா?”

“முன்சீட்டுல உக்காந்தாரு. எடுக்கல. அம்மாதான் வழி பூரா அவருகிட்ட வியாதியைச் சொல்லிக்கிட்டே வந்துச்சு.”

கண்ணாடிக் கதவு திறந்தது. அக்கா கையுறையோடு எட்டிப் பார்த்தாள். அந்த அறிவிப்பு இன்னும் கதவில்தான் இருந்தது. எடுக்கச் சொல்லி யாரும் எழுதவில்லை. மூலை கிழிந்து, மருந்து வண்டி இடித்து இடித்து, எண் இருந்த வரி அழுக்காகியிருந்தது.

“எவ்வளவாம்?”

“ஐம்பத்திரண்டு.”

“நிஜமா?”

“அவங்கம்மா கூடப் போயிருக்காங்கக்கா.”

அக்கா ஒரு தலையாட்டலோடு உள்ளே போனாள். நான்காவது கட்டிலில் யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.